கடலில் விழுந்த குழாய்கள்

"தம்பி, மெல்ல. ரயிலுக்கு நேரமாச்சா என்ன?" என்று சொல்லிக் கைபேசித் திரையைக் கட்டைவிரலால் தட்டுகிறாள். காணொளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவன் வாய் பாதி திறந்தபடி நிற்கிறான். அவன் அழுத்திய பொத்தானை மடிக்கணினியில் தேடிப்பிடித்து அவளும் அழுத்துகிறாள். பிறகு அவனைப் பேச விடுகிறாள். ஒரு வாக்கியம் முடிவதற்குள் மறுபடி ஒரு தட்டு.

சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜாடிமேல் சாய்ந்திருக்கிறது கைபேசி. நடுவில் மகள் விட்டுப்போன மடிக்கணினி. இந்தப் பக்கம் வரைபட மென்பொருள் பற்றிய தடித்த பாடநூல். தானாக மூடிக்கொள்ளாதிருக்க அதன் மேல் இஸ்திரிப்பெட்டி. காணொளியில் வருபவன் யாரோ, அவள் அவனைத் தம்பி என்றே கூப்பிடுவாள். புத்தகம் எழுதியவரை வாத்தியார் என்பாள். வாத்தியாரின் முகத்தை அவள் பார்த்ததில்லை என்றாலும் மரியாதையில் குறை வைப்பதில்லை.

குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுண்டர் அவளுடையது. தண்ணீர் வராதவர்கள் எல்லாரும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். எப்போது வரும் என்று கேட்பார்கள். அவளுக்குத் தெரியாது. எந்தத் தெருவுக்கு எந்தக் குழாய் போகிறது என்பது மாடியிலிருக்கும் வரைபட அறைக்குத்தான் தெரியும்; அந்த அறையில் தொலைபேசியை எடுக்கிற வழக்கம் கிடையாது. அங்கே ஓர் இருக்கை காலியானதும் பொறியாளரிடம் போய் நின்றாள். அவர் அளவைப் புள்ளிகள் அடங்கிய கோப்பைக் கொடுத்தார். வடக்குப் பகுதிக் குழாய்களை மென்பொருளில் ஏற்றி வெள்ளிக்கிழமை காட்டினால் மேலே வரலாம், இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்போம் என்றார். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் இஸ்திரி போட்ட சட்டை கிடையாது.

கணவர் பேருந்து ஓட்டுகிறவர், தம்பியின் கட்சி. புத்தகம் படித்து யாராவது வண்டி ஓட்டினார்களா என்பது அவர் வாதம். காணொளி பார்த்தே தான் சலவை இயந்திரத்தைப் பழுது பார்த்ததை நினைவூட்டினார்.

"பாத்தீங்க. அதான் இப்ப கையால துவைக்கிறோம்."

அவளுக்கு இரண்டு பேர் மீதும் குறை உண்டு. தம்பி வந்ததும் வராததுமாகத் தன் சேனலில் சேர்ந்து மணியை அழுத்தச் சொல்வான். பிறகு அவன் அம்புக்குறி எலிபோல் ஓடும். இதை அழுத்துங்கள், அதை அழுத்துங்கள் என்பான். ஏன் என்று சொல்ல மாட்டான். வாத்தியார் ஏன் என்பதை மட்டுமே சொல்வார். "தாகத்துக்குத் தண்ணி கேட்டா, மேகம் எப்படி உருவாகுதுன்னு ஆரம்பிக்கிறாரு மனுஷன்." அவர் படத்தில் காட்டும் பொத்தான்கள் புதிய பதிப்பில் இருக்காது. இடித்துவிட்ட வீட்டின் விலாசத்தோடு தெருவில் அலைவது போலிருக்கும் அவளுக்கு.

தம்பியின் பாடங்களுக்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருக்கும் புலம்பல்களையும் விடாமல் படிப்பாள். 'எனக்கும் வரல' என்று யாராவது எழுதியிருந்தால் கொஞ்சம் தெம்பு வரும்.

புதன்கிழமை மாலை, தம்பி செய்ததையெல்லாம் ஒன்று பிசகாமல் செய்து முடித்தாள். திரையில் வடக்குப் பகுதிக் குழாய்கள் அத்தனையும் வரைபடத்தின் நடுக்கடலில் போய் விழுந்தன. கரை கண்ணில் படவே இல்லை.

கணவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "மீனுக்கெல்லாம் குடிதண்ணி கனெக்‌ஷன் குடுத்துட்டியா?"

"ஆமா. அதுங்க கவுண்டர்ல வந்து கத்தாது."

சொன்னாளே தவிர சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தம்பியை முதலிலிருந்து ஓடவிட்டாள். மறுபடி கடல். கவுண்டர் வேலைக்கு மட்டும் என்ன குறைச்சல், விட்டுவிடேன் என்றார் கணவர்.

"அங்க உக்காந்து தெரியாது, தெரியாதுன்னு சொல்லிச் சொல்லி எனக்கே என்னைப் பிடிக்கல. நீங்க சாப்பிடுங்க. நான் வரேன்."

கைபேசியைக் கவிழ்த்துவிட்டுப் புத்தகத்தை இழுத்தாள். தாண்டிப்போன அத்தியாயம் ஒன்று இருந்தது. பூமியை ஆரஞ்சுச் சுளைபோல நீளவாக்கில் பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள், ஓர் ஊரின் அளவுகள் அந்த ஊர் விழும் பட்டையில் வைத்தால்தான் பொருந்தும் என்று வாத்தியார் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். அவள் நிறுத்தினாள். தம்பி போட்ட எண் தம்பியின் ஊருக்கான எண். பரீட்சையில் பக்கத்திலிருப்பவளைப் பார்த்து எழுதியவள் அவள் பெயரையும் சேர்த்து எழுதியதுபோல் ஆகியிருந்தது.

கைபேசியை நிமிர்த்தி, வாய் திறந்து நின்ற முகத்திடம் கேட்டாள்: "உன் ஊரு வேற, என் ஊரு வேறன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

தன் ஊருக்கான எண் வாத்தியாரின் பின்பக்க அட்டவணையில் கிடைத்தது. அதை எங்கே போடுவது என்பதற்கு அவர் காட்டிய பொத்தான் வழக்கம்போல் இல்லை. திரையின் கீழ்மூலையில் பழைய எண் தெரிந்தது. அதை மாற்றினாள். குழாய்கள் கடலைவிட்டு அசையவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றிய கையோடு தம்பியின் பாடத்துக்குக் கீழிருந்த புலம்பல்களைப் படிக்க இறங்கினாள். அடியில் யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: 'மூலையில மாத்தினா பார்வைதான் மாறும். நீங்க ஏத்தின லேயரைத் திறந்து அங்க எண்ணை மாத்துங்க.' மாற்றினாள். குழாய்கள் வந்து தெருக்களின் மேல் அடங்கி உட்கார்ந்தன.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். கடைசியில் ஜெயித்தது தம்பியா வாத்தியாரா என்று அவர் கேட்டார்.

"ரெண்டு பேரும் இல்ல. கீழ நின்னு அழுதவங்க."

மறுநாள் பொறியாளர் படத்தைப் பார்த்தார். ஓர் இடத்தைப் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினாள். அந்தக் குழாய் மாற்றப்பட்டுவிட்டது, கோப்பில் இருப்பது பழையது என்றார். அதைத் திருத்திக்கொண்டு திங்கட்கிழமை மேலே வந்து உட்காரச் சொன்னார். சரி என்றாள். மடிக்கணினியை மூடாமலே எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கவுண்டரில் ஆட்கள் நின்றிருந்தார்கள். முதலில் நின்றவர் காலையிலிருந்து தண்ணீர் இல்லை என்று குரலை உயர்த்தினார். எந்தத் தெரு என்று கேட்டாள். சொன்னார். அந்தத் தெருவுக்குப் போகும் குழாயைத் தேடிப் பெரிதாக்கி, மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.