ஹாரனின் குறட்டை

குடும்பத்தில் அவருக்கு ஹாரன் என்று பெயர். பஸ் ஓட்டுவதால் வந்ததல்ல, குறட்டையால் வந்தது. அவர் படுத்தால் தெருநாய் வேறு தெரு பார்த்துப் போகும். இரவு வண்டிக்கு மாற்றியதிலிருந்து அந்தச் சத்தம் நின்றுவிட்டது. பகலில் கட்டிலில் கிடப்பார். கண் மூடியிருக்கும், தூக்கம் வராது. எழுந்ததும் இரண்டு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாக முடிப்பார். தொப்பை ஸ்டியரிங்கைத் தொட்டது. "நைட் வண்டி உங்களுக்கு நல்லா ஒத்துக்கிச்சுண்ணே" என்று டிப்போவில் பாராட்டினார்கள்.

மருத்துவப் பரிசோதனை வந்தது. சர்க்கரை கூடியிருந்தால் வண்டியைத் தரமாட்டார்கள். அதற்கு அந்த டிப்போ டிரைவர்களிடம் ஒரு கைவைத்தியம் இருந்தது. முந்தின இரவு படுக்காமல் டிப்போவையே சுற்றிச் சுற்றி நடப்பது. சர்க்கரை வியர்வையோடு போய்விடுமாம். ஹாரனும் விடிய விடிய நடந்தார். அதே வண்டியின் கண்டக்டரான மச்சினன், பழைய டயர் மேல் உட்கார்ந்து விசிலடித்தான்.

"போலாம் ரைட், மாமா! சர்க்கரை எறங்குற ஸ்டாப் வந்தாச்சு!"

காலையில் ரத்தம் எடுத்த நர்ஸ், ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு அவர் கண்ணையும் பார்த்தாள்.

"நேத்து தூங்கினீங்களா?"

"இல்லம்மா. சர்க்கரை கொறையட்டும்னு ராத்திரி பூரா நடந்தேன்."

மச்சினன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"நல்லா கெடுத்தீங்க போங்க. தூங்கலைன்னா ஏதோ ஆபத்துன்னு உடம்பு மிரண்டுடும். கார்டிசோல்னு ஒரு ஹார்மோன் தாறுமாறா சுரக்கும், ரத்தத்துல சர்க்கரை ஏறும். இன்சுலின் சொல்றதை உடம்பு கேக்காது. பசியைக் கிளப்புற ஹார்மோன் கூடும், போதும்னு சொல்றது கொறையும். ஒரு வாரம் லீவு போட்டுத் தூங்குங்க. அப்புறமும் இப்படியே இருந்தா வண்டியை மறந்துட வேண்டியதுதான்."

வீட்டில் அவர் மனைவி ஜன்னலைப் போர்வையால் மூடினாள். டிக்டிக்கென்ற கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினாள். வாயே ஓயாத தம்பி, விசிலைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் காவல் உட்கார்ந்தான். வந்தவர்களையெல்லாம் சைகையிலேயே விரட்டினான். பல வருடமாக அந்தக் குறட்டையைத் திட்டித் தீர்த்தவள், இன்று கதவில் காதை வைத்து அதற்காகவே காத்திருந்தாள்.

குறட்டை வரவில்லை. டக் என்று ஒரு சத்தம். சற்று விட்டு மறுபடி டக்.

கதவை லேசாகத் திறந்து பார்த்தாள். அவர் கண்கள் இறுக மூடியிருந்தன. வலது கால் மட்டும் கட்டில் பலகையை மிதித்து மிதித்து பிரேக் போட்டுக்கொண்டிருந்தது.