முன்னால் நடக்கிற மனுஷன்

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து நான் அதிகம் பார்த்தது அவருடைய முதுகைத்தான். கோயிலோ பசாரோ, அவர் நாலடி முன்னால், நான் பின்னால். நாங்கள் இருந்த எஸ்டேட்டில் எல்லாப் புருஷன்மாரும் அப்படித்தான் நடந்தார்கள். பெண்டாட்டியை ஒட்டி நடந்தால் லயத்து வீடுகள் மொத்தமும் கேலி பேசும். எஸ்டேட்டை விட்டுத் தம்போய் டவுனுக்குக் குடிவந்து தலை நரைத்த பிறகும் அந்த நடை மாறவில்லை. எனக்குப் பார்க்கின்சன் வரும்வரை நானும் அதைக் குறையாக நினைத்ததில்லை.

இந்த வியாதி வந்தால் கை நடுங்கும் என்பதுதான் ஊருக்குத் தெரியும். கை நடுங்கினால் நடுங்கிவிட்டுப் போகட்டும். என் ஆத்திரமெல்லாம் காலின் மேல்தான். நன்றாக நடந்துகொண்டே இருப்பேன். ஒரு வாசலைக் கண்டால் போதும், பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். குரலும் உள்ளே போய்விட்டது. நான் கத்துவதாக நினைத்துக் கத்துவேன், பக்கத்தில் நிற்பவர் "என்னா?" என்று காதைக் கொண்டுவருவார்.

சனிக்கிழமை காலை நீச்சல் குளத்தில் நடக்கும் வகுப்பு ஒன்றுதான் எனக்கு ஆறுதல். மார்பளவு தண்ணீரில் கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லை. அங்கே ஒரே ஒரு சட்டம்: கூட வருகிறவர் எதிரே நின்று, இரண்டு கைகளையும் பிடித்து, நம் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடக்க வேண்டும். குரல் எழும்புவதற்காக ஒவ்வோர் அடியையும் இருவரும் வாய்விட்டு எண்ண வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் ஒழுங்காகச் செய்கிறார்கள். இவர் மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்து, திரும்பிக்கொண்டு, ஆட்டை இழுத்துப் போவதுபோல் விறுவிறுவென்று முன்னால் போவார். இழுக்க இழுக்க நான் குப்புறச் சாய்வேன்.

"புசிங், அங்கிள், புசிங்!" என்று, திரும்பச் சொல்லி, கரையிலிருந்து பயிற்சி தரும் மலாய்ப் பெண் கூவுவாள். திரும்புவார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் முதுகு.

"அலமாக்! என் மூஞ்சியப் பாத்தா தேஞ்சா போயிடுவீங்க?" என்றேன் ஒருநாள்.

"எல்லாரும் பாக்கிறாங்க லா," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

போன சனிக்கிழமை அவர் இழுத்த இழுப்பில் தலை முங்கித் தண்ணீர் குடித்துவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோனாள். அடுத்த வாரமும் அங்கிள் இப்படித்தான் பிடிப்பார் என்றால் என்னைத் தண்ணீரில் இறக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை, சனிக்கிழமையும் ஷிஃப்ட். வேறு யாரைக் கூப்பிடுவேன்? எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். காரில் உட்கார்ந்து அழுதேன். "பசிக்குதா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். வழக்கம்போல் அவர் முன்னால் நடந்து உள்ளே போய், மேசை பிடித்து, தே தாரிக் டீக்குச் சொல்லிவிட்டார். நான் வாசலில் நின்றுவிட்டேன். கால் நகரவில்லை. பின்னால் ஆட்கள் காத்து நிற்கிறார்கள். "ஏங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் "ஏங்க." அவர் முதுகு அசையவில்லை.

எங்கிருந்து வந்ததோ தெரியாது, தண்ணீரில் எண்ணுகிற குரலில், அடிவயிற்றிலிருந்து, அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் என் வாயில் வராத பெயர். கடை முழுக்கத் திரும்பியது. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார்.

"புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு? இத்தன பேரு முன்னால பேரச் சொல்லியா கூப்பிடுவ?"

"கையப் பிடிங்க."

மணிக்கட்டைப் பிடித்துத் திரும்பினார். நான் வாயைத் திறந்து அந்தப் பெயரின் முதல் எழுத்தைத் தொடங்கினேன். சட்டென்று என் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் பிடித்தார். காதெல்லாம் சிவந்திருந்தது.

"வர்ற சனிக்கிழமை தண்ணியிலயும் இப்படித்தான் பிடிக்கணும். இல்லேன்னா அங்கேயும் கூப்பிடுவேன்."

அவர் என் முகத்தைப் பார்த்து, மேசைகளுக்கு நடுவே பின்பக்கமாக ஓரடி வைத்து, யாருக்கும் கேட்காமல் "ஒன்னு" என்றார்.

"சத்தமா," என்றேன்.