பால்கனிக் கம்பி

காஜா பெராங் பகுதியில் ஜவுளி வியாபாரி ஒருவர் மாடிக் கடை கட்டினார். அதன் காங்கிரீட்டுக்குள் போகும் இரும்புக் கம்பியைக் கட்டியவர் என் அப்பா. தெருவின் மேல் நீளும் பால்கனியில் குடும்பத்தோடு நின்று மெர்டேகா என்ற சுதந்திர தின ஊர்வலத்தைப் பார்க்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை.

பால்கனிக்குக் காங்கிரீட் போடும் காலையில் பூசை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்; அப்போது ஆசிரியை. என்னையும் அழைத்திருந்தார்கள். தேங்காய் உடைத்ததும் முதலாளி குடும்பம் முழுவதும் பால்கனிக் கம்பிமேல் ஏறிப் படத்துக்கு நின்றது.

"இறங்குங்கம்மா, கம்பி அமுங்குது," என்றார் அப்பா.

"இரும்புதானே, அப்பளமா நொறுங்குறதுக்கு?" என்று முதலாளியம்மா சிரித்தார்.

அவர்கள் இறங்கியபோது கம்பி அடிப்பலகையில் கிடந்தது. பால்கனிக்கு ஒரு பக்கம்தான் சுவர். பாரம் ஏறினால் சுவரோரம் மேல்புறம் பிளக்கும்; அதனால் கம்பி மேலாக ஓட வேண்டும். தூக்கிக் கட்ட அப்பா அவகாசம் கேட்டார்.

"நல்ல நேரம் முடியுது, போடுங்க லா," என்றார் முதலாளி.

அப்பா கொக்கியால் கம்பியை இழுத்துத் தூக்கிக்கொண்டே போனார். சுவரில் கதவு வரும் ஓரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே காங்கிரீட் விழுந்துவிட்டது.

உடைத்து மறுபடி போட்டுத் தருவதாக அப்பா சொல்லிப் பார்த்தார். முதலாளி ஆள் வைத்துத் தாங்குமரங்களை எடுத்துவிட்டார். பால்கனி நின்றது. கதவோரத்தில் மட்டும் மெல்லிய வெடிப்பு ஓடியது. சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள்.

ஊர்வலம் பார்க்க எங்களையும் கூப்பிட்டார்கள். அப்பா வரவில்லை. மேளச் சத்தம் கேட்டதும் எல்லாரும் மாடியில் முண்டியடித்தார்கள். கீழே தெரு நிறையச் சனம். நான் முந்திப் போய்ப் பால்கனிக் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றேன்.

"தள்ளிக்க, டீச்சரம்மா. ஒங்கப்பா கட்டுனதுதானே? மகளுக்கே நம்பிக்கை இல்லையா?" என்றார் முதலாளியம்மா. கூட்டம் சிரித்தது.

"நீங்க ஏறி மிதிச்சதுல கம்பி கீழ போயிருச்சு. ஒருத்தரும் போகக் கூடாது," என்றேன்.

சன்னல் வழியாகத்தான் பார்த்தார்கள். பால்கனிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மகளே பயந்த வேலை என்று ஊரில் பேச்சாயிற்று. பக்கத்து ஊரான பத்து பெரெண்டாமில் அப்பாவுக்குப் பேசியிருந்த வேலை வேறு ஆளுக்குப் போனது.

நேற்று நானும் அப்பாவும் அந்த வழியாக நடந்தோம். பால்கனி நிழலில் கூடையோடு ஒரு பெண் நின்றிருந்தார்.

"அங்க நிக்காதீங்கம்மா," என்றார் அப்பா.

அந்தப் பெண் அண்ணாந்து, எந்த வெடிப்பும் தெரியாத வெள்ளைச் சுண்ணாம்பைப் பார்த்தார். எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு அங்கேயே நின்றார்.