சாமி இப்படிப் பேசாது

அகதாவுக்கு வாய் சும்மா இருக்காது. சிரம்பான் மனநலக் கிளினிக் ஒன்றில் இருபது வருஷமாக அட்டெண்டன்ட். நோயாளியைக் கூப்பிட வேண்டும், ஃபைலை எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் டாக்டர் கேட்கிற கேள்விக்கு நடுவே இவளும் ஒன்றைக் கேட்டுவைப்பாள். அதற்காக இரண்டு முறை நன்றாகத் திட்டு வாங்கியும் இருக்கிறாள்.

அன்று கோலா கிளாவாங் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் ராக்கம்மா, மகன் தர்மேந்திரனை அழைத்து வந்திருந்தாள். இருபத்துநாலு வயது. சுங்கை காடுட் ஃபேக்டரி வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. அப்போதிலிருந்தே காதில் குரல் கேட்கிறதாம்.

"முனியாண்டி எம்புள்ளய எடுத்துக்கிட்டாரு டாக்டர். அடுத்த திருவிழாவுக்கு இவந்தான் அருவா மேல ஏறணும்னு பூசாரி சொல்லிட்டாரு. தூங்க மட்டும் மருந்து குடுங்க, போதும் லா."

டாக்டர் சிந்துஜா ராசா டவுனில் வளர்ந்த பெண். எஸ்டேட் திருவிழாவைப் பார்த்ததே இல்லை. "அவங்க சாமி நம்பிக்கைய நோய்னு எழுதக் கூடாது அக்கா" என்று அகதாவிடம் மெல்லச் சொல்லிவிட்டு, தூக்க மருந்து மட்டும் எழுதப் பேனாவை எடுத்தாள்.

அகதா மாதாவைக் கும்பிடுகிறவள்தான். ஆனால் அவள் பிறந்த எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் பின்னாலேயே முனியாண்டி கோயில்!

"தம்பி, சாமி உங்கிட்ட என்ன கேக்குது?"

"எங்கிட்ட ஒண்ணும் கேக்காதுக்கா. ரெண்டு பேரு என்னைப் பத்தியே பேசிக்கிறாங்க. 'இப்ப சட்ட போடுறான், இப்ப சோறு திங்கிறான்'னு. நாள் பூரா."

அகதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ டாக்டர், பேனாவ வைங்க! சாமி இப்படிப் பேசாது. உருமி அடிச்சா வரும், ஊருக்கு வாக்கு சொல்லும், மலையேறிடும். சாமியாடி எந்திரிச்சுக் காப்பி கேப்பாரு. இது எட்டு மாசமா எறங்கவே இல்லையே!"

சிந்துஜா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். எப்போது ஆரம்பித்தது, போதைப் பழக்கம் உண்டா, மனச்சோர்வா, ஏன் வேலையை விட்டான் என்று ஒரு மணி நேரம் விடாமல் கேட்டாள். குரல் கேட்பதை மட்டும் வைத்து எழுதிவிட முடியாது என்று ரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதனைக்கு அனுப்பினாள். வேறு காரணம் எதுவும் இல்லை என்று முடிவு வந்த அன்று அகதா கதவருகிலேயே நின்றாள்.

"இதுக்குப் பேரு ஸ்கிசோஃப்ரினியா, தர்மேந்திரன்" என்றாள் சிந்துஜா. "மருந்து இருக்கு."

ராக்கம்மா அழ ஆரம்பித்தாள். மகன் அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பேரு இருக்கா? அப்படின்னா வேற ஆளுங்களுக்கும் வருமா டாக்டர்?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அகதா முந்திக்கொண்டாள். "வரும்பா! வெளிய அந்த பெஞ்சில உக்காந்தவங்க எத்தனயோ பேரு!"

அவன் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"அம்மா, எனக்கு மட்டும் இல்லையாம்மா!"