அக்கா மறைத்த முள்

மாலை ஐந்தே முக்கால் மணிக்கு அக்காவின் காலில் முள் ஏறியது. சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரகடத்திலிருந்து கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக எங்கள் தெருமுனையைக் கடக்கும் நேரம் அது. அக்கா தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த என் மகள், "ஸ்ஸ்" என்ற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, "என்ன பெரியம்மா?" என்றிருக்கிறாள். "ஒண்ணுமில்லடி, செருப்பு கடிக்குது" என்று அக்கா சொல்லியிருக்கிறார். அன்று அவளுக்கு இரவு ஷிப்ட். பேருந்தைத் தவறவிடக் கூடாதென்று மணியைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் அந்த நேரம் அவளுக்கு நினைவிருக்கிறது.

நினைவு மலரில் மறைந்தவரின் வாழ்க்கையையும் நல்ல குணங்களையும் எழுதுவதே முறை. அவற்றை நானும் எழுதுகிறேன். ஆனால் இந்த ஓராண்டில் நம் உறவினர்கள் என்னிடம் நேரிலும் போனிலும் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "அந்த எலந்த மரந்தான் அவளைக் கொண்டுக்கினு போயிடுச்சி." இதற்குப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க என்னால் முடியாது. எழுதலாமா என்று சித்தியிடம் கேட்டேன். "எழுது. நான் பேசினதையும் சேத்து எழுது" என்றார். அந்த அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

அக்கா வல்லம் வடகாலில் பிறந்தவர். அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள், அக்கா மூத்தவர். நாங்கள் சிறுமிகளாக இருந்தபோதே அம்மா காலமானார். அம்மாவின் தங்கையான சித்தி, மணிமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவர், தன் வீட்டு வேலையை முடித்துக்கொண்டு பேருந்து ஏறி வந்து எங்கள் இருவருக்கும் தலை வாரிவிட்டுப் போவார். எங்கள் இருவரின் திருமணத்தையும் முன்னின்று நடத்தியவர் அவர்தான். எங்கள் குடும்பத்தில் சித்தியின் சொல்லுக்கு மறு சொல் கிடையாது. இது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

அப்பாவின் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது. மிஞ்சிய மனையில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டிக் கொடுத்தார். பின்புறம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு தோட்டம். அக்காவின் கணவர், லாரி ஓட்டிய மாமா, மஞ்சள் காமாலையில் காலமானபோது அக்காவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. குழந்தைகள் இல்லை. ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் கேண்டீனில் காய் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். விடிவதற்கு முன் கிளம்புவார். வெங்காய வாசனை போகாத கையோடு வந்து என் மகளைத் தூக்கிக்கொள்வார். நான் வேலைக்குப் போன வருடங்களில் அவளை வளர்த்தது பெரும்பாலும் அக்காதான்.

சர்க்கரை நோய் வந்த பிறகும் அக்கா வேலையை விடவில்லை. கால் மரத்துப்போனதையும் யாரிடமும் சொல்லவில்லை. அடுப்படியில் கொதிநீர் பாதத்தில் கொட்டியதைக் கொப்புளம் வந்த பிறகுதான் நாங்களே பார்த்தோம். பதினாறாம் நாள் காரியத்தன்று ஒருவர், "தன் வலியைப் பிறரிடம் சொல்லாத உத்தமி" என்று பேசினார். நல்ல எண்ணத்தில்தான் பேசினார். எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. அது நல்ல குணம் இல்லை. எங்களை எல்லாம் முட்டாளாக்கிய குணம் அது.

வேலையை விட்ட பிறகு வீட்டில் சும்மா இருக்க அக்காவால் முடியவில்லை. ஒரு நாள் ஒரகடம் கூட்டுரோட்டில் தள்ளுவண்டியில் பச்சை ஆப்பிள் போல ஏதோ குவித்திருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டிருக்கிறார். இலந்தை என்றிருக்கிறான் வண்டிக்காரன். நம்பாமல் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். அந்த வாரமே படப்பைப் பக்கம் சாலையோர நர்சரி ஒன்றில் நான்கு ஒட்டுக்கன்றுகளை வாங்கி ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். முள்ளே இல்லாத ரகம் என்று நர்சரிக்காரர் சொன்னாராம். அதை எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

வீட்டில் வைக்கக் கூடாத மரங்கள் என்று நம் வீடுகளில் ஒரு பட்டியல் சொல்வார்கள். அதில் இலந்தையும் உண்டு. அடுத்த ஞாயிறு சித்தி வந்தார். கன்றுகளைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இன்னாடி இது? வூட்டுல முள்ளு மரத்தைக் கொண்டாந்து நட்டு வெச்சிக்கினு கீற? குடும்பம் வெளங்குமா?"

"இது முள்ளு இல்லாத ஜாதி சித்தி. விக்கிறவரே சொன்னாரு."

"விக்கிறவன் கையில பாம்பைக் குடுத்து பொடலங்கான்னா அதையும் வாங்கிக்கினு வருவ நீ."

அக்கா சிரித்துவிட்டார். சித்தி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தக் கன்றுகளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் போனதில்லை. சித்தி சொன்னதை மற்றவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். யாருக்காவது தலைவலி வந்தால்கூட இலந்தையின் பெயர் வந்தது.

மரங்களும் அக்காவைச் சும்மா விடவில்லை. எங்கள் மண் பழைய நெல் வயலின் களிமண்; அதன் மேல் வீடு கட்டிய ஜல்லியும் சிமெண்டும் வேறு. முதல் மழையில் தண்ணீர் தேங்கி இரண்டு கன்றுகளின் ஒட்டு அழுகியது. ஒட்டுக்கன்றில் அடிவேர் காட்டு இலந்தை, மேலே கட்டியிருப்பதுதான் நல்ல ரகம். மேலே இருப்பது பட்டுப்போனால் அடியிலிருந்து காட்டு இலந்தை கிளம்பிவிடும், உடம்பெல்லாம் முள்ளோடு. அப்படித்தான் கிளம்பியது. அதைப் பிடுங்கிவிடச் சொல்லி நான் எத்தனையோ முறை சொன்னேன். "அதுவும் பொழைக்கணும்னுதானே வருது, இருக்கட்டும்" என்றார். நல்ல மரங்கள் இரண்டும் காய்த்தபோது பழ ஈ வந்தது. கடித்த பழத்தில் எல்லாம் புழு. விழுந்த பழங்களைத் தினமும் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைத்தார். மண்ணை மேடு கட்டினார். வேப்பம் பிண்ணாக்கு போட்டார். இரண்டு பட்டுப்போனது போதாதென்று மறு வருடமும் அதே நர்சரிக்குப் போய் இன்னும் இரண்டு வாங்கி வந்தார். "அந்த ஆள் ஏமாத்துறான் அக்கா" என்றேன். "இந்த வாட்டி நல்லா பாத்து எடுத்தேன்டி" என்றார். எனக்கு எரிச்சலாக வரும். இப்போதும் வருகிறது.

மூன்றாம் வருடம் மார்கழியில் கிளை தரையைத் தொடுமளவு காய்த்தது. அடுத்த தெரு ஹாஸ்டலில் தங்கிக் கம்பெனிக்குப் போகும் தென்மாவட்டத்துப் பெண்கள் சுவர் ஓரம் வந்து நிற்பார்கள். அவர்களில் ஒருத்தி ஒரு பழத்தைக் கையில் உருட்டிப் பார்த்து, "யக்கா, எங்கூர்ல எலந்தப்பழம் கோலிக்குண்டு கணக்காத்தான் இருக்கும். இது என்ன கொய்யாக்கா மாதிரில்லா இருக்கு? உண்மையச் சொல்லுங்க, இது எலந்தைதானா?" என்றாள்.

"தின்னுட்டுப் பேசுடி" என்றார் அக்கா.

தின்றுவிட்டு, "புளிப்பே இல்லியே, அப்போ இது எலந்தை இல்ல" என்று சொல்லிவிட்டு இன்னும் நான்கு வாங்கிக்கொண்டு ஓடினாள். அக்கா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த ஆண்டு தை மாதம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. காட்டு இலந்தைக் கிளை ஒன்று காய்ந்து தரையில் கிடந்திருக்கிறது. முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக் குதிகாலுக்குள் போய் முனை உடைந்துவிட்டது. மரத்துப்போன கால் ஆகையால் முதல் குத்தைத் தவிர வேறு எதுவும் அக்காவுக்குத் தெரியவில்லை. மஞ்சளை எண்ணெயில் குழைத்துச் சூடாக வைத்துக் கட்டியிருக்கிறார். நாங்கள் கேட்டபோதெல்லாம் செருப்புக்கடி என்றார். பிறகு காலுறை போட ஆரம்பித்தார். பனி அதிகம் என்றார். நானும் நம்பினேன்.

ஒரு காலையில் அக்காவுக்கு உடம்பு நடுங்கி, பல் கிட்டிக்கொண்டது. காலுறையைக் கழற்றினேன். பாதம் ஊதிக் கறுத்திருந்தது. பக்கத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். அங்கேயும் அக்கா செருப்புக்கடி என்றே சொன்னார். அவர்கள் பார்த்துவிட்டு உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஷிப்ட் மாறும் நேரம். கண்டெய்னர் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் நடுவே ஆம்புலன்ஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. வழிவிடாத ஒவ்வொரு வண்டியையும் நான் சபித்தேன்.

அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் வெளியே வந்து, "செருப்புக்கடி இல்லம்மா. உள்ள முள்ளு இருந்தது. முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்றார். நச்சு இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். நான் உள்ளே போனேன். அக்காவுக்கு நினைவு இருந்தது. அவர் மீது எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது.

"முள்ளுன்னு ஏன் அக்கா சொல்லல?"

அக்கா என் கையைப் பிடித்தார். "மெதுவாப் பேசு. முள்ளு குத்துச்சின்னா சித்தி இன்னா சொல்வாங்க? நான்தான் அன்னிக்கே சொன்னேனேன்னு வந்து நிப்பாங்க. எல்லாரும் சேந்து மரத்தை வெட்டிடுவாங்க. நீ வெட்ட வுடாத, இன்னா?"

சரி என்று தலையாட்டினேன். அக்கா என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மாசி மாதம் எங்களை விட்டுப் போனார்.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கியவர்களை இங்கே வணங்குகிறேன். கேட்ட மறு நிமிடம் இரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற அந்த ஹாஸ்டல் பெண்கள், சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று அன்று லீவு போட்டவர்கள். எங்களோடு அழுத மருத்துவமனைச் செவிலியர். காரியம் முடியும்வரை சாப்பாடு கொண்டுவந்து எங்கள் வீட்டு அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்ட அக்காவின் கேண்டீன் தோழிகள். உங்களுக்கு என்ன செய்தாலும் ஈடாகாது.

இறப்புக்கு வந்தவர்கள் கேட்டபோது, காலில் முள் குத்தியிருந்தது என்று சொன்னேன். அவர் ஏன் மறைத்தார் என்பதைச் சொல்லவில்லை. எங்களுக்குத் தலை வாரிவிட்ட கையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். முள் என்ற சொல் போதுமானதாக இருந்தது. மரம்தான் கொன்றது என்று முடிவாகிவிட்டது.

ஐப்பசியில் என் மகளுக்கு டெங்கு வந்தது. சித்தி போனில், "பொண்ணை இங்க கொண்டாந்து வுடு. அந்த மரம் போனப்புறம் இட்டுக்கினு போ. ஒண்ணை வாரிக் குடுத்தது போதும்" என்றார். மகள் படுக்கையிலிருந்தே, "அம்மா, எனக்குக் காய்ச்சல் குடுத்தது கொசு. கொசு வந்தது பக்கத்து காலி மனைல நிக்கிற தண்ணில. முடிஞ்சா அந்த மனையை வெட்டு" என்றாள். அவள் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். நான் படித்தவள். ஆனால் அவளுடைய தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போனபோது, படித்தது எதுவும் எனக்குத் துணைக்கு வரவில்லை. அவள் பிழைக்கட்டும், மரத்தை எடுத்துவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அவள் பிழைத்தாள்.

அதனால்தான் வருட திதிக்கு முன் மரங்களை வெட்டிவிடலாம் என்று உறவினர்கள் கூடிப் பேசியபோது நானே ஒப்புக்கொண்டேன். சென்ற மாதம் ஒரு காலையில் வெட்டுபவர் மெஷினோடு வந்தார். மரங்களில் பழம் தொங்கியது. சித்தி வந்த பிறகு வெட்டலாம் என்று நிறுத்தி வைத்தேன். சித்தியின் ஆட்டோ ஒரகடம் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தது.

"யக்கா, எனக்குப் படப்பைல இன்னொரு வேலை கீது. வெட்டவா வேணாவா, ஒண்ணு சொல்லு" என்றார் அவர். பொறுக்க முடியாமல் மெஷினை ஓட விட்டுப் பார்த்தார். அந்தச் சத்தத்தில் எனக்கு அழுகை பீறிட்டது. யாருக்குச் செய்த சத்தியத்தைக் காப்பது? மகளுக்காகச் சாமியிடம் சொன்னதையா, அக்காவிடம் தலையாட்டியதையா?

அப்போதுதான் சித்தி வந்து இறங்கினார். முட்டி வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார்.

"இன்னும் ஆரம்பிக்கலயா? எதுக்குடி அயுவுற? மரத்துக்கா அயுவுற?"

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா உங்களுக்குப் பயந்துதான் சித்தி சொல்லல. முள்ளுன்னு தெரிஞ்சா நீங்க மரத்தை வெட்டிடுவீங்கன்னு, செருப்பு கடிச்சிதுன்னு எல்லார்கிட்டயும் பொய் சொன்னா" என்று கத்திவிட்டேன்.

சித்தி அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வெட்டுபவர் என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். சித்தி மெஷினை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். பிறகு, போ என்று கை காட்டினார். அவர் போன பிறகு சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா திட்டியிருப்பேன்டி" என்றார். "நல்லா திட்டியிருப்பேன். திட்டிக்கினே அவளை ஆட்டோல போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேனேடி. மரமா எனக்குப் பெருசு?"