இடப்பக்க வளைவில் எரிந்த சிவப்பு விளக்கு

கோலா சாவா ஊரைத் தாண்டி, செம்பனை மரங்களுக்கு நடுவே சாலை இடப்பக்கம் வளையும் இடத்தில்தான் அந்தச் சிவப்பு விளக்கை முதலில் பார்த்தேன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால், டாஷ்போர்டில் ஒரு நொடி எரிந்தது. சாலை நேரானதும் அணைந்தது. பக்கத்தில் இருந்த மூத்த டீச்சரும் பார்த்துவிட்டார். பழைய கார்தான். ஆனாலும் என் சம்பளத்தில் நான் வாங்கிய முதல் பெரிய பொருள்; அதில் குறை இருக்கும் என்பதை என் மனம் ஏற்கவில்லை.

இருவரும் ஒரே தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வேலை செய்தோம். லுக்குட்டில் அவர் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி; தினமும் என் காரில்தான் வருவார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளையின் கையெழுத்தை வைத்தே அதற்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கவனத்தை இப்போது என் கார்மேல் வைத்தார். விளக்கு இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் எரிகிறது என்றார். பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் வலப்பக்கம் இழுக்கிறது, நீ உன்னை அறியாமலே அதைத் திருப்பிப் பிடிக்கிறாய் என்றார். பட்டறையில் இரண்டு தடவை காட்டினேன். வயர் லூஸ் என்று சொல்லி ஸ்டீயரிங்குக்கு அடியில் எதையோ இறுக்கி அனுப்பினார்கள். டீச்சர் சமாதானமாகவில்லை. தினமும் அதே பேச்சு. ஓட்டத் தெரியாதவர் எனக்குச் சொல்வதா என்று எரிச்சலாக வந்தது. கடைசியில், திங்கட்கிழமையிலிருந்து அவருக்குப் பதிலாக என்னோடு வர முடியுமா என்று வேறொரு டீச்சரிடம் ரகசியமாகக் கேட்டுவைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை கோலா கிளாவாங்கில் பேச்சுப் போட்டி. நான்கு பிள்ளைகளை என் காரில் அழைத்துப் போவதாக ஏற்பாடு. மலைச்சாலை. பிள்ளைகள் ஏற வந்தபோது டீச்சர் கதவை மறித்து நின்றார். எல்லார் முன்னாலும் அவமானமாக இருந்தது. இது என் கார், எனக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. “காரு ஒன்னோடதும்மா. உள்ள ஏறுற உசுரெல்லாம் ஒன்னோடதா?”

பிள்ளைகள் தலைமையாசிரியரின் வேனில் போனார்கள். அவர்களுக்குப் பேச்சு எழுதிக்கொடுத்தவர் டீச்சர்தான், அவர்களோடு போயிருக்கலாம். ஆனால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரந்தாவில் வேறொரு பட்டறை வரை மெதுவாக ஓட்டினேன்.

அங்கிருந்த மெக்கானிக் டீச்சர் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, முன்பக்க இடது டயரைக் கழற்றினார். உட்புறம் முழுக்க ஈரம். பிரேக் ஆயில் அங்கே கசிந்துகொண்டிருந்தது. அதனால்தான் அந்தப் பக்கத்துச் சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை, ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம் இழுத்தது. குறைந்துபோன ஆயில் வளைவில் தொட்டிக்குள் ஒருபக்கமாக ஒதுங்கியபோது விளக்கு எரிந்திருக்கிறது. மலை இறங்கியிருந்தால் சிரமம்தான் லா என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். டீச்சர் எதிர்க்கடையில் நுரைபொங்க ஆற்றிய தே தாரிக் வாங்கிவந்து கொடுத்தார்.

திங்கட்கிழமையும் அவர்தான் என்னோடு வந்தார். அதற்குப் பிறகு ஓய்வுபெறும் வரையிலும்.

போன மாதம் சிரம்பானில் அவர் மகள் வீட்டில் அவரைப் பார்த்தபோது, அன்று இன்னொருவரிடம் கேட்டுவைத்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அது அப்போதே தெரியும் என்றார். அந்த டீச்சர் அன்றே வந்து சொல்லிவிட்டாராம்.

“பிரேக்குல சந்தேகம் இருந்தும் தெனமும் ஏன் டீச்சர் ஏறுனீங்க?”

“நீ எப்படியும் ஓட்டிக்கிட்டுத்தான் போவ,” என்றார். “தனியா எப்படிம்மா விடுறது?”