சாவடிக் கணினியில் தங்கச்சியின் கல்யாணக் காட்

தங்கச்சியின் கல்யாண அழைப்பிதழை பிளாப்பி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு இன்று அச்சகத்துக்குப் போனேன்.

வழியில் ராணுவச் சோதனைச் சாவடி. பிளாப்பியை வாங்கித் தங்கள் கணினியில் போட்டார்கள். அதில் தமிழ் எழுத்துரு இல்லை. அழைப்பிதழ் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் திறந்தது.

"இது என்ன ரகசிய பாஷை?" என்றார் தமிழ் பேச மட்டும் தெரிந்த சிங்கள அதிகாரி.

"கல்யாணக் காட் சேர். தமிழ் எழுத்துப் போட்டாத் தெரியும்."

பிளாப்பியிலிருந்த எழுத்துருவை ஏற்றி, எந்தக் கோப்பும் தமிழ் எழுத்திலேயே திறக்கும்படி மாற்றினேன். பிஸ்மில்லாஹ் முதல் வலீமா விருந்து நேரம் வரை பளிச்சென்று வந்தது.

அவர் உற்றுப் பார்த்தார்.

"இதுவும் எனக்கு வெளங்காதுதானே. சரி, போ."

அச்சகத்தில் கொடுத்துவிட்டு வீடு வந்து சாய்ந்த பிறகுதான் நினைவு வந்தது: மாற்றியதைத் திரும்பப் பழையபடி வைக்கவில்லை. இனி அவருடைய ஆங்கில அறிக்கையெல்லாம் தமிழ்க் குப்பையாகத்தான் திறக்கும்.

காட் எடுக்க நாளையும் அதே வழி. வேறு பாதை தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?